42 சென்ட் போக்குவரவு

அப்பா போன ஆடியில் தவறினார். அவர் பேரில் இருந்த 42 சென்ட் பூமி எங்கள் பேருக்கு மாறியபோது தை முடியப் போகிறது. நடுவில் நடந்ததை எழுதி வைத்தால், எங்களைப் போல எல்லையில் குடியிருந்துகொண்டு இரண்டு மாநிலத்துக் காகிதத்தையும் பீரோவில் வைத்திருப்பவர்களுக்கு நாலு நடையாவது மிச்சமாகும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று போகிற பக்கம். கருப்பு மண்ணும் தென்னையும் கடலையும்தான். சந்தையிலும் பஸ்ஸிலும் தமிழ்தான். தாத்தா பிறந்தபோது சித்தூர் தாலுக்கா கொச்சி ராஜாவிடம் இருந்ததாம். சுற்றிலும் இருந்த மலபாரும் கோயம்புத்தூரும் மதராஸ் மாகாணம். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆனது, 1956 நவம்பர் 1-ல் கேரளம் ஆனது. பத்தாவது வரை நான் படித்தது தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன். வாசிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவேன்.

நோய் நொடி என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூரோ பொள்ளாச்சியோதான். அப்பாவையும் கோயம்புத்தூருக்குத்தான் கொண்டுபோனோம், அங்கேயே முடிந்துவிட்டது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், குடியிருந்த ஊரில் இல்லை. அதனால் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழ். அவருடைய பூமியோ கேரளத்து வில்லேஜ் ஆபீஸ் கணக்கில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது.

அப்பாவின் பேரை இங்கே எழுத மனம் வரவில்லை. அதே மாதிரிச் சிக்கல் உள்ள பேர் ஒன்றைச் சொல்கிறேன், பழனிச்சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்துக்காரர்கள் ழகரத்தை ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதுவார்கள், கோழிக்கோட்டுக்குப் போடுகிற மாதிரி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பழனிக்கு வெறும் எல். மலையாளத்தில் எழுதும்போது சாமி ஸ்வாமியாகிவிடும், டபிள்யூ நடுவில் வந்து உட்காரும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பேர் சொன்ன அண்ணன் இனிஷியலை முன்னால் சொன்னான். ரேஷன் கார்டில் இனிஷியல் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, 1970-களில் தாத்தாவின் குத்தகை பூமிக்கு அப்பா பேரில் கிடைத்த பட்டயத்தில், அதாவது அரசு கொடுத்த உரிமைக் காகிதத்தில், வெறும் பழனி. சாமியே இல்லை. ஆக அப்பா காகிதத்தில் நாலு பேர். அதில் செத்துப்போனது ஒருத்தர், பூமி வைத்திருந்தவர் வேறொருத்தர்.

முதலில் கோயம்புத்தூர் போய் இறப்புச் சான்றிதழைத் திருத்தலாம் என்று பார்த்தோம். ஆஸ்பத்திரி எழுதி அனுப்பியதுதான் பதிவாகியிருக்கிறது, திருத்த வேண்டுமானால் அவருடைய பழைய ஆவணங்களைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். எந்தப் பழைய ஆவணத்தை? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி இரண்டு இருந்தால் நான் ஏன் அங்கே போகிறேன். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

அக்ஷயா சென்டரில், அதாவது கேரளத்து இ-சேவை மையத்தில், இருக்கிற சேச்சிதான் வழி சொன்னார். 'ஒன் அண்ட் சேம்' என்று ஒரு சர்டிபிகேட் உண்டு, இந்தப் பேர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று வில்லேஜ் ஆபீசர் தருவது. ஆன்லைனில் விண்ணப்பித்து, இருக்கிற காகிதம் அத்தனையும் ஸ்கேன் செய்து போட வேண்டும். அதை வாங்கிய பிறகுதான் வாரிசுச் சான்றிதழ். அதை வாங்கிய பிறகுதான் போக்குவரவு.

போக்குவரவு என்றதும் எங்கள் அம்மா, "பஸ் ஆபீசுக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்டாள். பட்டா மாறுதலுக்கு அங்கே பேர் அதுதான். பூமி ஒருத்தர் பேரிலிருந்து போய் இன்னொருத்தர் பேருக்கு வருகிறது, அதனால் போக்குவரவு. அர்த்தம் என்னவோ பொருத்தம்தான். ஆனால் அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். சுத்தமாகத் தெரியாத மலையாள வார்த்தை வந்தால் நாம் யாரையாவது கேட்டுக்கொள்வோம். தெரிந்த மாதிரி இருக்கிற வார்த்தைதான் ஆளைக் கவிழ்க்கும்.

வில்லேஜ் ஆபீசில் முதல் நாளே கவிழ்ந்தேன். கவுண்டரில் இருந்தவர், "ஆதாரம் உண்டோ?" என்றார். உண்டு என்று ஆதார் கார்டை நீட்டினேன். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது ஆதார். ஆதாரம் எவிடே?" ஆதாரம் என்றால் அங்கே பத்திரம். எங்களிடம் பத்திரம் கிடையாது, பட்டயம்தான் உண்டு என்று சொல்லிப் புரியவைத்து, பட்டயத்தை எடுத்துவர வீட்டுக்குப் போய்த் திரும்பியதில் மத்தியானம் போய்விட்டது.

அடுத்தது மொழி. "ரெண்டு அயல்வாசிகளுடெ மொழி வேணம்" என்றார். நான் விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தைத் தமிழில் எழுதிப் போயிருந்தேன். அதைத்தான் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, 1969-ம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தை எடுத்துவிட்டேன். அந்தச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தர வேண்டும். இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது அது இல்லை. மொழி என்றால் வாக்குமூலம். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் வந்து வாக்குமூலம் தர வேண்டும், அவ்வளவுதான். ஒரு தப்பும் செய்யாத மனிதரிடம் சட்டம் பேசிவிட்டு அசடு வழிய நின்றேன். பின்னால் இருந்த மூத்த ஊழியர் சிரித்துக்கொண்டே என் தமிழ்க் கடிதத்தை வாங்கி ஃபைலில் சேர்த்தார். அதற்கு முன்னால் வேறொரு நாள், வேறொருவர் "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பியதும் உண்டு. அந்த ஆத்திரம்தான் அன்றைக்குத் தவறான ஆளிடம் இறங்கியிருக்கிறது.

மொழி கொடுக்க வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா. வாக்குமூலம் எழுதிய அலுவலர் தெற்கு ஜில்லாவிலிருந்து புதிதாக மாறுதலாகி வந்தவர். தமிழ் ஓரளவு புரியும். பட்டயத்தில் இருக்கும் பழனியும் செத்துப்போனவரும் ஒரே ஆள்தானா என்று கேட்டார். சித்தப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரே ஆளுதானுங். எங்க கண்ணு முன்னால வளர்ந்தவரு. கடைசி வரைக்கும் காட்டுலதான் கெடந்தாரு. வீட்டுக்கு வந்ததே சோத்துக்குத்தான்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "காட்டிலோ?"

"ஆமாங். ராத்திரியும் காட்டுலதான் படுப்பாரு."

எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரிப் பூமி, கடலையும் சோளமும் போடுகிற இடம். மலையாளத்தில் காடு என்றால் யானை திரிகிற காடு. அந்த அலுவலர் மனசில் அப்பா என்ன உருவம் எடுத்திருப்பார் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நல்ல வேளையாக என் பக்கம் திரும்பினார். "கிருஷி, சார். கிருஷி ஸ்தலம்" என்றேன், விவசாயம் செய்கிற இடம் என்று. அவரும் சிரித்துவிட்டார். அடித்துவிட்டு எழுதிய அந்த வரியில் கையெழுத்துப் போடும்போது சித்தப்பாவுக்குக் கோபம். "நான் சொன்னதை ஏன் அடிக்கறாரு?" வெளியே வந்து கட்டன் சாயா வாங்கிக்கொடுத்த பிறகுதான் சமாதானமானார்.

ஒன் அண்ட் சேம் கைக்கு வந்ததும் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இது தாசில்தார் தருவது. வில்லேஜ் ஆபீசர் விசாரித்து அறிக்கை அனுப்புவார், கேரள அரசிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபம் சொல்ல 30 நாள் கொடுப்பார்கள். யாரைப் பார்த்தாலும் இந்த முப்பது நாள் குறையாது. "எனக்குத் தெரிஞ்சவர் இருக்கார், சீக்கிரம் முடிச்சுத் தரேன்" என்று ஒருத்தர் வந்தார். சாயா கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இதில் நாங்கள் எதிர்பார்க்காத கேள்வி, "இறந்தவருடைய அம்மா இருக்கிறாரா?" என்பது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. பாட்டி போய்ச் சேர்ந்தது நான் கைக்குழந்தையாக இருந்தபோது. வீட்டில் இருந்த ஒரே அத்தாட்சி சுவரில் மாலை போட்டிருந்த படம். அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர்களின் மொழிதான் கைகொடுத்தது. இன்னொன்று, உடுமலையில் வாக்கப்பட்ட அக்கா. கல்யாணத்துக்குப் பிறகு அவள் இனிஷியல் மாறிவிட்டது. தமிழ்நாட்டுக் கார்டில் மாமாவின் பேருக்கான எழுத்து, பள்ளிச் சான்றிதழில் அப்பாவுடையது. அவளுக்கும் பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை வரை தேடி எடுத்து வைத்தோம். பெண் பிள்ளைகளை எல்லை தாண்டிக் கட்டிக்கொடுத்த வீடுகளில் இதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வாரிசுச் சான்றிதழும் வந்தது. கடைசியாகப் போக்குவரவு விண்ணப்பம். சட்டம் பேசிய வீராப்பு இன்னும் குறையாததால் இதையும் தமிழில்தான் எழுதினேன். "எங்கள் தந்தையார் பெயரில் உள்ள 42 சென்ட் நிலத்தை..." என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி ஒரு பக்கம். அந்த மூத்த ஊழியர் வாசித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வார்த்தையைச் சுற்றி வட்டம் போட்டார். நிலம்.

"இது வேண்டாம்" என்றார். கேரள வருவாய்க் கணக்கில் நிலம் என்றால் நெல் வயல். வீடு, தோட்டம் இருக்கிற மேட்டுப் பூமிக்குப் பேர் புரயிடம். 2008-ல் நெல் வயல், நீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்பதை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். நிலம் என்று கணக்கில் இருந்தால் அதில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது, மண் போட்டு நிரப்ப முடியாது. புரயிடம் என்று மாற்ற தனி விண்ணப்பம், தனி அலைச்சல். எங்கள் கர ரசீதில், அதாவது பூமி வரி கட்டிய ரசீதில், புரயிடம் என்றுதான் இருக்கிறது. நான் எழுதியதால் மட்டும் கணக்கு மாறிவிடாது. ஆனாலும் அதை நம் கையாலேயே நிலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பானேன் என்றார்.

"அப்போ என்ன எழுத, சார்?"

"நிங்களுடெ அச்சன் எந்து பறயும்?"

அப்பா என்ன சொல்வார்? அப்பா நிலம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது என் பாடப்புத்தக வார்த்தை. அவருக்கு அது காடு, இல்லாவிட்டால் பூமி. காடு ஏற்கெனவே பட்ட பாடு தெரியும். பூமி என்றேன். "அது மதி" என்றார், அது போதும் என்று. மலையாளத்திலும் அது பூமிதான். நிலத்தை அடித்துவிட்டு பூமி என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

அளவுதான் அடுத்த சந்தேகம். ரசீதில் 17 ஆர் என்று இருந்ததைப் பார்த்து, பூமி குறைந்துவிட்டது என்று அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து போனில் சத்தம் போட்டான். ஒரு ஆர் என்றால் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். பெருக்கிப் பார்த்தால் அதே 42 சென்ட்தான். சத்தம் போட்டவன் அதற்கப்புறம் போனே செய்யவில்லை.

இடத்தை வந்து பார்த்தார்கள், வேலியோரம் நடந்தார்கள், தென்னையை எண்ணினார்கள். கொஞ்ச நாளில் புதுத் தண்டப்பேர் எண் விழுந்தது. ஒவ்வொரு உடமைக்காரருக்கும் வில்லேஜில் இருக்கும் கணக்கு எண் அது. தண்டம், அதுக்கு ஒரு பேர் வேறயா என்று சித்தப்பா கேட்டார். அம்மா, அண்ணன், அக்கா, நான், நாலு பேர் பேரிலும் கரம் கட்டினோம். ரசீது முழுக்க மலையாளம். பேர்களை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் கவுண்டரை விட்டு நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல பூமின்னு போட்டிருக்கா, காடுன்னு போட்டிருக்கா கண்ணு?"

"புரயிடம்னு போட்டிருக்கும்மா."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏன், நம்மது எப்ப புறம்போக்காச்சு?"