அம்மாவின் கல்வெட்டை நாங்கள் எழுதிய விதம்

அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு கழிந்த பிறகுதான் வீட்டில் கல்வெட்டுப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் அந்தியேட்டி என்ற ஈமக்கடன் முடிந்து, 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவு மலரைத்தான் கல்வெட்டு என்கிறோம். எழுத, திருத்த, அச்சடிக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று கிழமைதான். அண்ணா கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அப்பா, தங்கச்சி, நான். இவ்வளவு பேர்தான் வீட்டில்.

அச்சகத்தில் முன்பு அடித்த ஒன்றை மாதிரிக்குத் தந்தார்கள். விநாயகர் துதி, பஞ்சபுராணம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, கணவர் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று எல்லாம் முறைப்படி இருந்தது. வரலாற்றை வாசித்தபோதுதான் மனது கேட்கவில்லை. இன்னாரின் மகளாகப் பிறந்து, இன்னாரைக் கைப்பிடித்து, விருந்தோம்பலில் சிறந்து விளங்கி என்று போகிறது. பெயரை மாற்றினால் யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். மற்றதெல்லாம் மரபுப்படியே இருக்கட்டும், வரலாற்றை மட்டும் நாங்களே எழுதுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திதி வெண்பாவை அயலிலுள்ள ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் எழுதித் தந்தார். அம்மா போனது 2024 செப்டெம்பர் 14. வெண்பாவில் அது குரோதி வருடம், ஆவணி மாதம், பூர்வபக்க (வளர்பிறை) ஏகாதசி. திவசம் தேதிப்படி அல்ல, திதிப்படிதான். 2025இல் அதே திதி செப்டெம்பர் 3இல் வந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் காலத்திலும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுத் திவச நாளைக் கண்டுபிடிக்க அந்த நாலு அடி போதும். இதனாலேயே வெண்பாவை விட்டுவிடக் கூடாது என்பேன்.

வரலாறு எழுத உட்கார்ந்தால், கலியாணத்துக்கு முந்திய அம்மாவைப் பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அம்மாவோடு படித்தவர்களிடமும் சின்னம்மாவிடமும் போனோம். “அம்மா எப்படிப்பட்டவ?” என்று கேட்டால் “தங்கமான மனுசி” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “அவவோட எங்க போவீங்கள், எதுக்குச் சண்டை பிடிப்பீங்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக வரும். சின்னம்மா அப்படித்தான் தையல் மெசின் கதையைச் சொன்னார். ஓ.எல். என்ற பள்ளிக்கூடச் சோதனை எடுத்த கையோடு அம்மா தையல் பழகி, அயலுக்குச் சட்டை தைத்து, மாதாமாதம் காசு கட்டி அந்த மெசினைச் சொந்தமாக வாங்கியிருக்கிறார். அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “நான் இவ்வளவு காலமும் அது சீதனத்தோட வந்தது எண்டல்லோ நினைச்சிருந்தன்” என்றார்.

அதுவரை அப்பா ஒரு வரியும் எழுத மாட்டேன் என்று நின்றவர். புலம்பலை வேறு யாரிடமாவது எழுதி வாங்கிப் போடச் சொன்னார். மெசின் பேச்சு வந்ததும் 1995 ஒக்ரோபர் 30 இரவைத் தானாகவே சொல்லத் தொடங்கினார். போருக்கு அஞ்சி வலிகாமத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து மழையோடு தென்மராட்சிக்கு நடந்த இரவு. சைக்கிள் கரியரில் உடுப்புப் பையைக் கட்டிக்கொண்டிருந்தவரை அம்மா மறித்து, “உடுப்பை விடுங்கோ, மெசினை ஏத்துங்கோ. மெசின் இருந்தா உடுப்புத் தைக்கலாம்” என்றாராம். மெசினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கட்டி, சனத்துக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டியிருக்கிறார்கள். அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி ரெலிபோனில் பதிந்தாள். கணவர் புலம்பல் இருக்க வேண்டிய பக்கத்தில் அதை அப்படியே போட்டோம்.

அம்மாவின் அளவுக் கொப்பி அலுமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. தடித்த மட்டை போட்ட பழைய சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு பெயருக்கும் நேரே நெஞ்சுச் சுற்று, இடுப்பு, கை நீளம். சில இடங்களில் “காசு வேண்டாம்” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பின்பக்கங்கள் முழுக்கப் பேரப்பிள்ளைகள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் பிள்ளைகளுடைய அளவை வருடா வருடம் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, தேதி போட்டுக் குறித்திருக்கிறார். பாவாடை நீளம் 18 அங்குலத்திலிருந்து ஏறி ஏறிப் போகிறது. நேரில் காணாமல் வளர்ந்த பிள்ளைகளை அம்மா இந்தக் கொப்பியில்தான் வளர்த்திருக்கிறார். அதில் இரண்டு பக்கங்களைப் படம் பிடித்து, பேரப்பிள்ளைகள் பகுதியில் வைத்தோம். அந்தப் பிள்ளைகள் அப்பம்மாவைப் பற்றிக் குரல் பதிவாக அனுப்பியதை எழுத்தில் எடுத்துப் பக்கத்திலேயே சேர்த்தோம்.

அச்சு வேலை பற்றிச் சிலது சொல்ல வேண்டும். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், அதைப் பார்த்து எழுதுங்கள். பழைய படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஸ்கான் செய்து மின்னஞ்சலில் அனுப்பினோம். நாங்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்ததை அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பின, அதனால் கடைசிப் பிரதியைக் கடதாசியில் எடுத்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தோம். வம்சாவளியை அந்தந்தக் குடும்பத்துக்கே அனுப்பிப் பெயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டாலும் அது காலத்துக்கும் மனக்கசப்பு.

31ஆம் நாள் சாப்பாடு முடிந்ததும் வழக்கமாக எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அன்று பெண்கள் முற்றத்தில் நின்று அந்தக் கொப்பிப் பக்கத்தைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தான் பெரியபிள்ளையானபோது (பூப்பெய்தியபோது) நடந்த சடங்குக்கு அம்மா விடியவிடிய இருந்து தைத்துத் தந்ததை ஒருவர் சொன்னார். நாங்கள் அறியாத கதை அது. இன்னொருவரும் தொடங்கினார். கேட்டதையெல்லாம் தங்கச்சி ஒரு புதுக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

மிஞ்சிய பிரதிகளில் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தோம். 2005இல் தொடங்கிய அவர்களின் எண்ணிம நூலகத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறையவே உண்டு. யூனிகோட் கோப்பை நாங்கள் தனியாக வைத்திருக்கிறோம். முதலாம் வருடத்து ஆட்டைத் திவசத்துக்குப் பிறகு சேர்ந்த கதைகளையும் அதில்தான் சேர்த்து வருகிறோம்.