பழைய ராலேவுக்குப் புதிய கியர் லிவர்

மார்ச் 1, சனி

இன்று முடிவெடுத்துவிட்டேன். என்னிடம் இருக்கும் ராலே சைக்கிள் 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இதே நாட்டிங்ஹாமில் செய்தது. ஃபிரேம் ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய், பின்னால் ஆறு கியர். கியர் லிவர்கள் இரண்டும் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கின்றன. சமதரையில் அது ஒரு சிரமமே இல்லை. மேட்லாக் ஊரில் பேங்க் ரோடு ஏறும்போதுதான் இடிக்கிறது. 1893 முதல் 1927 வரை கேபிள் டிராம் வைத்து ஆட்களை ஏற்றிய சாலை அது. ஐந்தரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். எழுந்து நின்று மிதிக்கும்போது ஒரு கையை எடுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. உட்கார்ந்து மாற்றலாம் என்றால் அதற்குள் வண்டி நின்றுவிடும்.

பழைய வண்டியைத் தொடாமல் விட வேண்டும் என்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. எதையும் வெட்டக் கூடாது, பற்றவைக்கக் கூடாது, பெயின்டைச் சுரண்டக் கூடாது என்பது வரை நானும் அவர்கள் பக்கம். ஆனால் இது ஓட்டுவதற்காகச் செய்த வண்டி. பிரேக்கிலிருந்து கையை எடுக்காமல் கியர் மாற்றும் வசதி கிடைக்கும்போது அதை ஏன் மறுக்க வேண்டும்?

மார்ச் 8, சனி

சாமான்கள் வந்துவிட்டன: ஷிமானோ கிளாரிஸ் லிவர்கள், அதற்குரிய முன், பின் டெரெய்லர்கள் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி), 11 முதல் 32 பல் வரை எட்டு அடுக்கு கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு), 700சி அளவுச் சக்கரங்கள். பதினோரு கியர் போடலாமே என்று கேட்டார்கள். எட்டுதான் எனக்கு வேண்டும். எட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் 4.8 மி.மீ. தூரம், பத்திலேயே அது 3.95தான். பழைய ஃபிரேமில் கொஞ்சம் பிசகு எப்படியும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி எட்டில் இருக்கிறது. செயினும் விலை குறைவு.

மார்ச் 9, ஞாயிறு

பழைய லிவரில் ‘கிளிக்’ கிடையாது. செயின் கரகரவென்றால் கை தானாக இம்மி நகர்த்திச் சரிசெய்துவிடும். அதாவது ஃபிரேம் கோணலாக இருந்தாலும் ஓட்டுகிறவரின் காதும் கையும் அதை மறைத்துவிடும். புதிய லிவர் அப்படி இல்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் 2.8 மி.மீ. கேபிளை இழுக்கும், டெரெய்லர் 4.8 மி.மீ. நகரும். நடுவில் சமாளிக்க ஆள் இல்லை. 1984இல் ஷிமானோ இந்தச் சொடுக்கு முறையைத் தன் பந்தய வரிசையான டுரா-ஏஸில் கொண்டுவந்தது, 1990இல் லிவரை பிரேக்கோடு சேர்த்தது. அன்றிலிருந்து ஃபிரேம் நேராக இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. லிவரைப் பொருத்துவது இந்த வேலையில் சின்னப் பங்கு. ஃபிரேமை நேராக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது.

மார்ச் 15, சனி

ஹாண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் இறுகிப் போயிருந்தது. போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, மரச்சுத்தியலால் தலையில் ஒரு தட்டு. உள்ளே அதை இறுக்கிப் பிடித்திருந்த ஆப்பு கீழே இறங்கிக் கழன்றுவிட்டது. புதிய ஹாண்டில்பார் நடுவில் 31.8 மி.மீ., பழைய ஸ்டெமின் பிடிக்குள் போகாது. ஃபோர்க்குள் இறங்கும் அதே 22.2 மி.மீ. தண்டோடு, 31.8 பிடி உள்ள புது ஸ்டெம் கிடைக்கிறது. அதையே போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பெரிய வேலை இன்று. பின்சக்கரம் உட்காரும் இடத்தில் ஃபிரேமின் அகலம் 126 மி.மீ.; புதுச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் 130. கையால் விரித்துச் சக்கரத்தைச் செருகிவிடலாம்தான், ஆனால் ஒவ்வொரு பஞ்சருக்கும் மல்லுக்கட்ட வேண்டும். நிரந்தரமாகவே விரித்துவிடுவது நல்லது. 531 எஃகு இதைத் தாங்கும். வெப்பப் பதம் ஏற்றிய 753 குழாயிலும் அலுமினியத்திலும் கார்பனிலும் கை வைக்கவே கூடாது.

தொடங்கும் முன் விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“நூல் கட்டிப் பாத்தியாடா?”

“இனிமேதான் சித்தப்பா.”

“முதல்ல அதைப் பாரு. கோட்டம் இருந்தா எந்த கியரும் நிக்காது.”

பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபிரேமின் இரு கால்களில் ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறு காலில் கட்ட வேண்டும். ஸீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலப்பக்கம் 1 மி.மீ. குறைவாக இருந்தது. அதனால் வலது காலைக் கூடுதலாகவும் இடதைக் குறைவாகவும் விரித்தேன். மரச்சட்டத்தை ஸீட் குழாயில் முட்டுக்கொடுத்து ஒரு பக்கமாக நெம்ப வேண்டும். எஃகு திரும்பி வந்துவிடும் என்பதால், வேண்டிய அளவைத் தாண்டியே வளைக்க வேண்டும். கொஞ்சம் நெம்பி, அளந்து, மறுபடி நூல் பார்த்து, மறுபடி நெம்பி... மாலைக்குள் 130. நூலும் இரு பக்கமும் ஒத்துப்போனது.

சித்தப்பா முழு நேரமும் திரையில்தான் இருந்தார். அவர் கடையில் காலமெல்லாம் விற்றது ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகள். அவற்றைச் செய்யும் டிஐ சைக்கிள்ஸ் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கியது. ராலே 1960இல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. 531 குழாய் செய்த ரெனால்ட்ஸும் அவர்களுடையதுதான். இதைச் சொன்னதும், “அப்ப நம்ம அம்பத்தூர் வண்டிக்கு இது பங்காளி” என்றார் சித்தப்பா. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

மார்ச் 22, சனி

கால்களை விரித்தால் அவற்றின் முனைகள் இணையாக இருப்பதில்லை. டெரெய்லரைத் தாங்கும் காதும் திரும்பிவிடும். பக்கத்து ஊர்ப் பட்டறையில் அளவுகோல் வைத்து இரண்டையும் நேராக்கிக் கொடுத்தார்கள். இந்தச் செலவில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

மார்ச் 29, சனி

பிரேக். பழைய சக்கரம் 27 அங்குலம், அதன் ரிம் 630 மி.மீ.; 700சி ரிம் 622. பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். புது லிவர் கேபிளை இழுக்கும் அளவும் வேறு என்பதால் பழைய பிரேக்கோடு சேர்த்தால் பிடி தளரும். நீளக் கை உள்ள இரட்டை அச்சு பிரேக் போட்டேன்.

கீழ்க்குழாயில் பழைய லிவர் இருந்த குமிழ்களிலேயே கேபிள் நிறுத்திகளைத் திருகியாயிற்று. துளை எதுவும் போடவில்லை. நாளைக்கே வேண்டுமானாலும் பழைய லிவர்களைத் திரும்ப மாட்டலாம். டப்பாவில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேங்க் ரோடு. பாதி ஏற்றத்தில் எழுந்து நின்றபடியே வலது விரலால் ஒரு தள்ளு. செயின் 32க்கு ஏறியது. இறங்கும்போது இரு கையும் பிரேக்கிலேயே இருந்தன, கியரும் மாறியது. இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனையும்.

வீடு வரும்போது நடுவில் இரண்டு கியர்கள் தயங்கின. புதுக் கேபிள் முதல் ஓட்டத்தில் இப்படித் தளர்வது வழக்கம். டெரெய்லர் திருகை அரைச் சுற்று வெளியே திருப்பியதும் சரியாகிவிட்டது. முன்பக்கம் 52/42 பல்சக்கரங்களை இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. இன்னொரு செங்குத்துச் சாலையான வின்னட்ஸ் பாஸ் ஏறிப் பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.