கிராமத்து வீட்டுக்கு எந்த இணையம்?

அக்கா வீட்டுக்கு இணைப்பு எடுக்க ஒரு வாரமாக அலைந்தேன். ஃபைபர் தெருவரை வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள். அங்கே வரவில்லை. சரி, அடுத்தது சிம் போடும் 4ஜி, 5ஜி ரவுட்டர். வாங்கும் முன் அதே வீட்டுக்குள், இரவு 8 மணிக்கு, போனில் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். பகலில் நன்றாக இருக்கும் டவர், ஊரே வீடு திரும்பியதும் திணறும். ரவுட்டரை ஜன்னலோரம் வைத்ததுமே எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது.

செயற்கைக்கோள் இணையம் கடைசி வழி. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் வகை என்றால் கேள்வி போய்ப் பதில் வரவே கிட்டத்தட்ட அரை நொடி. வீடியோ காலில் பேச்சு முட்டிக்கொள்ளும்.

அப்புறம், டேட்டா தீர்ந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்று கட்டாயம் கேளுங்கள். மாதக் கடைசியில் பிள்ளைகளின் பாடம் பாதியில் நிற்பதைப் பார்க்க மனசு கேட்காது.