பிக்கப்பை இறக்கிய பிறகு அலைன்மென்ட்: எனக்கு எப்படிச் சரியானது

என் பிக்கப்பின் முன்பக்கம் குட்டை ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கினேன். பின்னால் பட்டை ஸ்பிரிங் அச்சுக்கு அடியில் ஓடும் வண்டி என்பதால், இரண்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து இறக்கினார்கள். வண்டி பார்க்க லட்சணமாகத்தான் நின்றது. ஆனால் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டரில் நேராகப் போகும்போதே ஸ்டியரிங் கோணலாக இருந்தது.

அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணங்களைச் சரியாக வைப்பது. இறக்கிய கடையில் அதில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் திருத்திவிட்டு, வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் முன் டயர்களின் உள்விளிம்பு மழுங்க ஆரம்பித்தது. உள்ளங்கையால் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழவழவென்று போகும். எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி உரசும். டோ இன்னும் சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

காக்கி புக்கிட்டில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் உடனே மெஷினில் ஏற்றவில்லை. முதலில் டயர் காற்றைச் சமப்படுத்தினார். பிறகு சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஆர்ச் (பாடியின் வளைவு) வரை நான்கு மூலையும் டேப்பால் அளந்தார். "தம்பி, தினமும் ஏத்துற டூல் பாக்ஸ், கேபிள் எல்லாம் பின்னாடியே இருக்கட்டும், இறக்காதீங்க" என்றார். எடை மாறினால் உயரம் மாறும், உயரம் மாறினால் கோணமும் மாறும். காலி வண்டியில் பார்க்கும் அலைன்மென்ட் காலி வண்டிக்குத்தான் பொருந்தும்.

அடுத்து லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை) புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே திரும்ப முறுக்கினார். ஜாக்கியில் தொங்கவிட்டு முறுக்கியிருந்தால் புஷ்ஷுக்குள் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். வண்டி சரியாக அமராது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். இறக்கிய இடத்தில் இதைச் செய்யவே இல்லை.

ஸ்டியரிங் கோணலுக்குக் காரணம் பின்னால் இருந்தது. பட்டையின் சென்டர் போல்ட் தலை, கட்டையின் குழியில் முழுசாக உட்காரவில்லை. இடதுபக்கம் அச்சு லேசாகப் பின்னால் தள்ளி நின்றது. பின் அச்சு கோணலானால் அது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், நேராகப் போகவே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தில் எத்தனை முறை டோ வைத்தாலும் இது தீராது. அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றி, உட்காரவைத்து, மறுபடி முறுக்கினார்.

அதற்குப் பிறகுதான் மெஷின். கோணத்தை மாற்றத் திருப்பும் கேம் போல்ட்டுகள் துருவேறியிருந்ததால் எண்ணெய் விட்டு ஊறவைத்து, காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) கேம்பரையும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், மைனஸ் என்றால் உள்ளே) வைத்துவிட்டு டோவைக் கடைசியில் வைத்தார். கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும், அதனால்தான் இந்த வரிசை. இடது முன்சக்கரக் கேம்பர் மைனஸ் 1.6 டிகிரியிலிருந்து மைனஸ் 0.7-க்கு வந்தது. கேம் அதற்குமேல் திரும்பாது. பூஜ்யத்துக்குக் கொண்டுவர அப்பர் ஆர்ம் மாற்ற வேண்டும். எனக்கு அது அவசியமாகப் படவில்லை. உள்விளிம்பை வேகமாகத் தின்பது டோ தவறும்போதுதான். இந்த அளவு கேம்பரை டயர் தாங்கும், முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டால் போதும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மழைநீர் வடிய நம் சாலைகள் ஓரமாகச் சரிந்திருக்கும். அதனால் கொஞ்சம் இடப்பக்கம் நழுவுவது சகஜம், சமதளத்தில் பார்த்துதான் முடிவு செய்ய வேண்டும்.

முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் வரும் சோதனையில் சக்கரம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்றும் பார்ப்பார்கள். புது ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமரும் என்பதால், அந்தச் சோதனைக்கு முன் ஒருதரம் அளந்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.