இருபது வயது லீ மார்கன்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ‘மோனின்’ பாட்டை மறுபடியும் போட்டேன். ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு 1958 அக்டோபர் 30 அன்று பதிவு செய்தது. ஸ்டுடியோ என்று பெரிதாக நினைக்க வேண்டாம், நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் அப்பா அம்மா வீட்டுக் கூடத்தில் மைக் வைத்து நடத்தியதுதான்.

பாபி டிம்மன்ஸ் பியானோவில் ஒரு வரி வாசிக்கிறார், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் ‘ஆமென்’ என்பதுபோல் பதில் தருகிறார்கள், போதகர் பேசப் பேச சபை குரல் கொடுக்குமே, அதே மாதிரி. அது முடிந்ததும் முதல் ஆளாக லீ மார்கன் ட்ரம்பெட்டோடு உள்ளே வருகிறார் பாருங்கள், அங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்! சின்னச் சின்னத் துண்டாக வாசித்து, கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்து, அப்புறம் அதையே கொஞ்சம் திருகித் திரும்பவும் சொல்கிறார். ட்ரம்பெட்டின் வால்வை முழுசாக அழுத்தாமல் பாதியில் நிறுத்தி சுரத்தை நசுக்குவது அவர் கைவேலை. கேட்டால் யாரோ குரல் கம்மிப் பேசுவதுபோல் இருக்கும்.

அப்போது அவருக்கு வயது 20. அதற்கு முந்தைய வருடமே சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெயின்’ பதிவில் வாசித்துவிட்டார்.

1972 பிப்ரவரியில், நியூயார்க்கின் ஸ்லக்ஸ் கிளப்பில், கூட வாழ்ந்த ஹெலன் சுட்டதில் மார்கன் இறந்துபோனார். வெளியே பனி கொட்டியதில் ஆம்புலன்ஸ் வரத் தாமதம். வயது 33தான். மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஹெட்போனில் கேளுங்கள், அந்த ட்ரம்பெட் நுழையும் இடத்தை மட்டுமாவது.