பின்லாந்தில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

பின்லாந்துக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் யாராவது என்னிடம் என்ன கொண்டுவரலாம் என்று கேட்டால், குளிர்க்கோட்டும் பூட்ஸும் இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காபி ஃபில்டரை மட்டும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள் என்றுதான் சொல்வேன். கூடவே பால் காய்ச்சும் பாத்திரமும் எடுத்து வருவதாக இருந்தால் அதன் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இங்கே வீடுகளில் கேஸ் அடுப்பு அபூர்வம், நிறைய இடங்களில் இன்டக்‌ஷன்தான், அதில் பித்தளையும் அலுமினியமும் சூடேறாது. அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்பிய பித்தளைச் சொம்பில் நான் இப்போது புதினா வளர்க்கிறேன்.

மற்றபடி காபிக்குப் பஞ்சமான நாடு இல்லை இது. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் உலகத்திலேயே அதிகமாகக் காபி குடிக்கிறவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் இவர்கள்தான், ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 10 கிலோ பொடி ஆகிறது. காலையில் குடிக்கிறார்கள், அலுவலகத்தில் குடிக்கிறார்கள், யார் வீட்டுக்குப் போனாலும் கொடுக்கிறார்கள், இரவு எட்டு மணிக்கும் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். ஆனால் அது நம் நாக்கு பழகிய காபி இல்லை. கொட்டையை லேசாக வறுப்பதுதான் இங்கே பழக்கம். பாக்கெட்டின் மேல் 1 முதல் 5 வரை வறுவலின் அளவைப் போட்டிருப்பார்கள், பெரும்பாலான வீடுகளில் இருப்பது 1 தான். 1929-லிருந்து விற்கும் யூஹ்லா மொக்காவும் அந்த ரகம். அதைக் காகித வடிகட்டியில் போட்டு, மெஷினில் வடித்து, அப்படியே கறுப்பாகவோ கொஞ்சம் பச்சைப் பாலை மேலே ஊற்றியோ குடிப்பார்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி தீர்ந்ததும் இந்தப் பொடியை நம் ஃபில்டரில் போட்டேன். தண்ணீர் ஊற்றிய வேகத்தில் தடதடவென்று கீழே இறங்கிவிட்டது. பால் சேர்த்தால் நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஒரு புளிப்பு மட்டும் நின்றது. கள்ளிச்சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு காரணங்களைத் தேடிப் படித்தேன், படிக்கப் படிக்க எனக்கு இதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. லேசாக வறுத்த கொட்டையில் அமிலம் அதிகம் மிஞ்சியிருக்கும், கொட்டை இறுக்கமாக இருப்பதால் சாறும் சுலபத்தில் இறங்காது. மெஷினுக்காக அரைத்த பொடி நம் பொடியைவிடக் கரகரப்பு, அதனால் தண்ணீர் அதில் தங்குவதே இல்லை. சிக்கரியும் கிடையாது. சிக்கரி வெறும் கலப்படம் என்று நினைக்கிறவர்கள் நம்மிலேயே உண்டு, ஆனால் ஃபில்டருக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து நிதானமாக இறங்கவிடுவதிலும், பால் சேர்த்த பிறகும் காபியின் கனம் போகாமல் இருப்பதிலும் அந்த வேருக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அதற்கு அப்புறம் தண்ணீர். ஹெல்சிங்கி வட்டாரத்துக்குக் குடிநீர் பாயான்னே என்கிற ஏரியிலிருந்து வருகிறது, சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து சுரங்கம் போட்டு 1982-ல் முடித்திருக்கிறார்கள். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம், அவ்வளவு மென்மையான தண்ணீர். சென்னையில் நாங்கள் இருந்த பகுதியில் போர் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அப்படிப்பட்ட தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் காபியின் புளிப்பை அமுக்கிவிடும், இங்கே அமுக்க ஒன்றும் இல்லாததால் புளிப்பு முழுசாக நாக்குக்கு வந்து சேர்கிறது. இது தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அம்மாவின் காபி ஏன் இங்கே வரவில்லை என்று அவ்வளவு நாளும் என் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். அம்மாவின் காபியில் அந்த ஊர்த் தண்ணீரும் ஒரு பொருளாகச் சேர்ந்திருந்தது, அதை எந்தப் பெட்டியிலும் கொண்டுவந்திருக்க முடியாது.

அதனால் இங்கே இருப்பதை வைத்து ஒரு காபியை உண்டாக்க வேண்டியிருந்தது. வறுவல் 4 என்று போட்ட கொட்டையாக வாங்கி, கையால் சுற்றும் சின்ன மில்லில் அரைக்கிறேன், கடைப்பொடியைவிட நைசாக, ஆனால் மாவாகிவிடாமல். ஊரிலிருந்து வரும் சிக்கரியை நூற்றுக்கு இருபது என்ற அளவில் சேர்க்கிறேன். பால் சிவப்புப் பெட்டியில் வருகிற கொழுப்பு நீக்காத பால், நீலப் பெட்டிப் பாலில் நம் காபி நீர்த்துப்போகும். இன்டக்‌ஷனில் பால் கண்மூடித் திறப்பதற்குள் பொங்கிவிடும் என்பதால் பாதிச் சூட்டில் வைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பக்கத்திலேயே நிற்பதுதான் எனக்கு இதில் முக்கியமாகிவிட்டது. டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது, ஒன்பதரைக்கு மெல்ல வெளுத்து மூணேகாலுக்கெல்லாம் அடங்கிவிடும். அலாரம் அடிக்கும்போது நடு இரவுபோலத்தான் இருக்கும். உடம்புக்கு விடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டும், எனக்கு அதைச் சொல்வது காபி. மேல் தட்டில் பொடியைப் போட்டு, விரலால் தட்டிச் சமன் செய்து, குடையை வைத்து லேசாக அழுத்துகிறேன். கொதித்த தண்ணீரை உடனே ஊற்றாமல் கொப்புளம் அடங்கும்வரை நிறுத்தி, நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறேன். புதிதாக வறுத்ததாக இருந்தால் உள்ளே அடைபட்டிருக்கும் கரியமில வாயு வெளியேறிப் பொடி ஒரு தரம் உப்பி எழும், பழசாகிவிட்டால் அசையாது. மூடிவிட்டுக் காதைக் கொடுத்தால் முதல் சொட்டு விழும் சத்தம் கேட்கும். வேகமாக விழுந்தால் அரைத்தது போதவில்லை, விழவே இல்லை என்றால் அதிகமாக அழுத்திவிட்டேன், இரண்டுக்கும் நடுவே ஒரு தாளத்தில் விழுந்தால் இன்றைக்குக் காபி நன்றாக வரும். இறங்கி முடியக் கால் மணி, இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை, செய்தி கேட்பதில்லை, பாத்திரம்கூடக் கழுவுவதில்லை. பொடியின் மணம் மாறுவதையும் ஜன்னலில் பனி படிந்திருக்கும் அளவையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் பாலைக் காய்ச்சி, டிகாக்‌ஷனில் சேர்த்து, நுரை வர ஆற்றி, நின்றபடியே முதல் வாய்.

இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். புது நாட்டுக்கு வந்தவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். முதல் சில மாதங்கள் வாழ்க்கை முழுவதும் காத்திருப்பும் படிவங்களும்தான். அடையாள எண் வந்தால்தான் வங்கிக் கணக்கு, வங்கி தரும் இணைய அடையாளம் கையில் இருந்தால்தான் ஆஸ்பத்திரி நேரம் வாங்குவதிலிருந்து வரிக்கணக்கு பார்ப்பதுவரை எல்லாவற்றுக்கும் உள்ளே நுழைய முடியும். வரும் கடிதம் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். ஊரில் கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியம் ஒவ்வொன்றையும் இங்கே யோசித்து யோசித்துச் செய்யும்போது நாள் முடிவில் மனசு முழுக்கக் களைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட நாட்களில், என் கையால் ஆரம்பித்து என் கையால் முடிகிற, யாருடைய அனுமதிக்கும் காத்திராத ஒரு வேலை காலையில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. முன்பெல்லாம் காபி குடிப்பதற்காகக் காபி போட்டேன், இங்கே போடுவதற்காகவே சீக்கிரம் எழுந்திருக்கிறேன்.

அலுவலகக் காபி வேறு கதை. இங்கே காபி இடைவேளை முதலாளியின் தயவில் கிடைப்பதில்லை, பல தொழில்களில் தொழிற்சங்கமும் முதலாளிகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கள் மாடியில் காலை ஒன்பதரைக்கும் மதியம் இரண்டுக்கும் எல்லோரும் எழுந்து காபி அறைக்குப் போவார்கள். முதலில் என்னைத் திகைக்க வைத்தது அங்கே இருந்த அமைதி. ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், சில நாள் ஒருவரும் பேசமாட்டார்கள். நமக்குக் காபி என்றால் அரட்டையும் சேர்ந்ததுதானே, நான் ஏதோ அவர்களுக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நாளில் புரிந்தது, அவர்கள் என்னிடம் பேசாமல் இல்லை, காபி குடிக்கிறார்கள். நான் காலையில் அடுப்பங்கரையில் தனியாகச் செய்வதை இவர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்கிறார்கள் என்று தோன்றியதிலிருந்து அந்த மேசையில் எனக்கும் நிம்மதியாக உட்கார முடிகிறது.

அங்கே எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. ஜாடியில் கடைசிக் கோப்பையை எடுப்பவர்தான் அடுத்த ஜாடிக்குப் போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலரும் தயங்கிக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு நழுவப் பார்ப்பார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லிட்டருக்கு சுமார் 60 கிராம் பொடி, அவ்வளவுதான் கணக்கு. நான் போட்டு வைத்த ஜாடியிலிருந்து ஒருவர் ஊற்றிக்கொண்டு, ஒரு வாய் குடித்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு பாராட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அப்படித் தலையாட்டியவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஒரு பொறியாளர். அவரிடமிருந்துதான் இவர்கள் ஏன் காபியை இவ்வளவு பெரிதாகக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போரின்போது பின்லாந்தில் காபி ரேஷனுக்குப் போய், பிறகு வரத்தே நின்றுவிட்டது. பார்லி, கம்பு, சிக்கரி வேர், டேன்டலியன் வேர் என்று கிடைத்ததை வறுத்து அரைத்து, கோர்விகே என்ற பெயரில் குடித்திருக்கிறார்கள். போர் முடிந்து 1946 பிப்ரவரியில் ஹெராக்ளெஸ் என்ற கப்பல் துர்க்கு துறைமுகத்துக்குக் காபிக்கொட்டை கொண்டுவந்ததை இன்றும் சொல்கிறார்கள். ரேஷனில் கடைசிவரை நின்ற பொருளும் காபிதான், 1954-ல்தான் அது எடுக்கப்பட்டது. அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது வீட்டில் உண்மையான காபி கொஞ்சம் கிடைத்தால், அதைக் கோர்விகேயோடு கலந்துவிடாமல் ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக எடுத்து வைப்பார்களாம்.

அவரை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து டபராவில் நம் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, ஆனால் இது காபி இல்லை, சூடான இனிப்பு" என்றார். இங்கே மனிதர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்வார்கள், எனக்கு இப்போது அது பிடித்துவிட்டது. பாலும் சர்க்கரையும் இல்லாமல் டிகாக்‌ஷனில் வெந்நீர் மட்டும் கலந்து கேட்டார், கொடுத்தேன். அதை மெதுவாகக் குடித்து முடித்து, இந்தக் கனம் எப்படி வந்தது என்று கேட்டபோதுதான் சிக்கரி என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அவர்கள் வீட்டில் 1954-க்குப் பிறகு சிக்கரியை உள்ளேயே விட்டதில்லையாம், அவர் அம்மாவுக்கு அது பஞ்சத்தின் வாசனை. எனக்கு அதுவே எங்கள் வீட்டு விடியற்காலை.

போன கோடையில் ஏரிக்கரையில் இருக்கும் தன் குடிலுக்கு எங்களை அழைத்துப்போய், விறகுத் தீயில் கெட்டில் காபி போட்டுக் காட்டினார். அதற்கென்றே கரகரப்பாக அரைத்த பொடி தனியாக விற்கிறது. தண்ணீர் கொதித்ததும் பொடியைப் போட்டு, ஒரு தரம் பொங்கி மேலே வரும்போது தீயிலிருந்து எடுத்து, அடியில் மண்டி தங்கும்வரை ஆடாமல் வைக்க வேண்டும். நான் மூடியைத் திறக்கப் போனபோது கையைத் தடுத்துவிட்டார். மண்டி இறங்கும்வரை அவரும் எதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இந்த ஆகஸ்டில் மறுபடி போகிறோம். கெட்டிலில் ஒரு ஸ்பூன் சிக்கரி சேர்த்துப் பார்க்கலாமா என்று சென்ற வாரம் காபி அறையில் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "என் கெட்டிலில் வேண்டாம். நீ உன் ஃபில்டரை எடுத்துக்கொண்டு வா, அதில் போட்டுக் கொடு, குடிக்கிறேன்" என்றார்.