இல்லு

மனைவிக்கு ஊர் ஏனாம். வரைபடத்தில் ஆந்திராவுக்குள் கிடந்தாலும் அதுவும் புதுச்சேரிதான். பேச்சு மட்டும் தெலுங்கு. எனக்கு முத்தியால்பேட்டை. பையனுக்கு 22 மாதம்.

நேற்று சாயங்காலம் அவனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் போயிருந்தேன். திடீரென்று சட்டையைப் பிடித்து இழுத்து "இல்லு, இல்லு" என்று அழுகை. வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறான் போல என்று இன்னும் கொஞ்ச நேரம் அலையைக் காட்டினேன். சத்தம் கூடியதே தவிர குறையவில்லை. அப்புறம் அவளுக்குப் போன் போட்டால் சிரிக்கிறாள். தெலுங்கில் இல்லு என்றால் வீடு. பாவம், தூக்கம் வந்து கெஞ்சியிருக்கிறான்.

"நீள்ளு தா." இப்போதைக்கு அவனுடைய நீளமான வாக்கியம் இதுதான். தண்ணீர் தெலுங்கு, தா தமிழ். பிள்ளை குழம்புகிறான், ஒரு மொழியை நிறுத்துங்கள் என்று தெருவெல்லாம் ஆலோசனை. குழந்தை மருத்துவரோ, கலந்து பேசுவது இந்த வயதில் இயல்பு, இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள் என்றார். சரி என்று எண்ணினோம். தமிழில் 31, தெலுங்கில் 34. தினமும் வீடியோ காலில் பாடம் எடுக்கும் மாமியாருக்கு ஏக சந்தோஷம். என் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பாலு" எந்தக் கணக்கில் வரும் என்று இன்னும் தகராறு ஓடுகிறது.